ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

ஓசி என்றாலே எனக்குக் குமட்டும். ஓசியில் கொடுப்பவன் முகத்தில் ஒரு பெருமிதம் வழியும் பாருங்கள், அதற்காகவே வாங்கக்கூடாது. என் வீட்டுக்காரர் அப்படி இல்லை. கழிவுநீர் வாரிய ஊழியர் குடும்பங்களுக்குக் கடலோர இயற்கைக் காப்பகத்தில் ஒரு நாள் இலவசச் சுற்றுலா என்று அலுவலகப் பலகையில் தாள் ஒட்டியதும், முதல் ஆளாகப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தார். பேருந்து இலவசம், நுழைவுச் சீட்டு இலவசம், மதியத்துக்கு ரொட்டியும் அவித்த முட்டையும் வாழைப்பழமும் இலவசம்.

"ஆத்துல போற தண்ணி, அய்யா குடி அம்மா குடின்னு கூப்பிடறாங்க. அதுக்கும் மூஞ்சிய சுளிக்கிறியே" என்றார்.

நான் மூஞ்சியைச் சுளிப்பதில் பெயர் போனவள்தான். மாடிப்படியில் எச்சில் துப்புகிறவனை நிற்க வைத்துத் திட்டுவேன். ஈரக்கையோடு தட்டைத் தொட்டால் கத்துவேன். இப்படிப்பட்டவளைக் கொண்டுபோய்ச் சாக்கடைப் பம்ப் ஆபரேட்டருக்குக் கட்டி வைத்தார்களே என்று என் அண்ணி இன்றைக்கும் சிரிப்பாள்.

அவர் வேலை இதுதான். நகரத்தின் பாதி வீடுகளின் கழிவறை, குளியலறை, சமையலறைத் தண்ணீரெல்லாம் குழாய்வழியே அவருடைய பம்ப் ஸ்டேஷன் கிணற்றுக்கு வந்து சேரும். அதைப் பம்ப் போட்டுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தள்ளவேண்டும். இருபத்திரண்டு வருடமாகத் தள்ளிக்கொண்டிருக்கிறார். கிணற்றுக்கு மேலே ஓர் அறை. இரும்பு மேசை, ரெக்சின் கிழிந்த நாற்காலி, கிணற்றுத் தண்ணீரின் மட்டம் காட்டும் முள், ஒரு பதிவேடு. அந்த முள்ளைப் பார்த்தே ஊர் எப்போது எழுந்தது, எப்போது பல் விளக்கியது என்று சொல்லிவிடுவார். டிவியில் பெரிய ஆட்டம் நடக்கும் நாளில் இடைவேளை விட்டதும் மட்டம் ஒரு சாண் ஏறுமாம். "ஊரே ஒண்ணா எழுந்து போயிட்டு வந்து உக்காருது" என்று அதை ஏதோ தன் வீட்டுப் பிள்ளைகளின் சேட்டை மாதிரிச் சொல்லிச் சிரிப்பார். சாப்பிடும்போதுதான் சொல்வார். நான் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவேன்.

கல்யாணமாகி மூன்றாம் வருடமே அவருக்கு மூக்கு செத்துவிட்டது. பால் திரிந்திருக்கிறதா, கேஸ் கசிகிறதா என்றால் என்னைத்தான் கேட்பார். அவர் சீருடைக்குத் தனி வாளி, தனி சோப்பு, தனிக் கொடி. அதில் அழுகல் நாற்றம் மட்டும் இருந்தால்கூடச் சகித்துக்கொள்ளலாம். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் புகார் கொடுக்கிறார்கள் என்று அந்த ஸ்டேஷனில் மட்டும் கிணற்றுக்குள் எலுமிச்சை வாசனைத் திரவம் ஒன்றைக் குடம் குடமாக ஊற்றுவார்கள். அழுகலும் எலுமிச்சையும் சேர்ந்து ஒரு நாற்றம் வரும். அதற்கு வெறும் அழுகல் எவ்வளவோ தேவலாம். தினமும் சாயங்காலம் அரைமணி நேரம் குளித்து, நகத்தை பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டு என் முன்னால் வந்து நின்று, "போயிடுச்சா?" என்பார். "போயிடுச்சு" என்பேன். பதினேழு வருடமாக அவரிடம் நான் சொல்லிவரும் ஒரே பொய் அது. ஊரையே திட்டுகிற வாய் அந்த ஒன்றை மட்டும் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஸ்டேஷனில் இரண்டு பம்ப். ஒன்று பழுதாகிப் பதினோரு மாதம் ஆகிறது. மற்ற நாள் ஒற்றைப் பம்ப் சமாளித்துவிடும். ஞாயிற்றுக்கிழமை ஊரே தலைமுழுகி, துணி துவைக்கிற நாள் என்பதால் கிணறு நிரம்பித் தெருவுக்கு எதிர்த்துக்கொண்டு வரும். எஞ்ஜினியர் வாய்வார்த்தையாக ஓர் உத்தரவு போட்டார். ஞாயிறு காலை பத்து மணிக்குப் பழைய கால்வாய் வால்வைத் திறந்துவிடு, பன்னிரண்டுக்கு மூடு, பதிவேட்டில் எழுதாதே.

"கால்வாய் எங்க சார் போகுது?" என்று இவர் கேட்டிருக்கிறார்.

"கடலுக்குத்தான்பா. அவ்வளவு பெரிய கடலுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா?"

இதை இவர் என்னிடம் சொன்னபோது, "சீ, சோத்துல கை வைக்கிறப்ப ஏன் இதையெல்லாம் பேசறீங்க" என்றேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. கால்வாய் ஓரமாக ஒருநாள் நடந்துபோய் அது எங்கே முடிகிறது என்று பார்க்க அவருக்கும் தோன்றவில்லை, பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொல்ல எனக்கும் தோன்றவில்லை.

சுற்றுலாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். அதற்காக இவர் ஷிப்ட் மாற்றிக்கொண்டார். அன்றைக்கு மூன்று தடவை குளித்தார். புதுச் சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போட்டார். எட்டு வயது மகளுக்குக் கால் தரையில் பாவவில்லை. கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துப் பிறந்தவள் என்று செல்லம் கொடுத்து, வீட்டில் அவளுக்கு வாலு என்றே பெயர் நிலைத்துவிட்டது. பேருந்தில் முன்சீட்டில் எஞ்ஜினியர், கருப்புக் கண்ணாடியோடு, மனைவி இல்லாமல் மகனை மட்டும் கூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்களுக்குப் பின்சீட்டில் கழிவுநீர் லாரி டிரைவரின் மனைவியும் அவளுடைய ஐந்து வயதுப் பெண்ணும். டிரைவருக்கு அன்றைக்கும் வேலை. பத்து மணிக்கு இவர் போனை எடுத்து, பேருந்தே கேட்கிறபடி, ஸ்டேஷனில் தனக்குப் பதில் நிற்கிறவனிடம் பேசினார்.

"தம்பி, திறந்துட்டியா? நல்லா முழுசா திற. பாதியில விட்டா அடைச்சுக்கும்."

சீட்டில் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். லீவு நாளிலும் வேலையை மறக்காதவராம். எஞ்ஜினியரும் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார்.

காப்பகம் என்பது என்னைப் பொறுத்தவரை சேறு. கண்ணுக்கெட்டிய வரை சாம்பல் நிறச் சேறு, அதற்கு நடுவே கணுக்கால் ஆழத்துக்கு ஓர் ஓடை, ஓடைக்கரையில் குட்டைக் குட்டையாய்ச் செடிகள், தூரத்தில் கடல். சேற்றின்மேல் பலகை போட்டு நடைபாதை கட்டியிருந்தார்கள். கைப்பிடியெல்லாம் பறவை எச்சம். வந்து இறங்கிய கால்மணி நேரத்தில் நம் ஜனங்கள் மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டார்கள். முட்டை ஓட்டைப் பலகை இடுக்கில் போட்டார்கள். ஒருவர் வாழைப்பழத் தோலை ஒரு கொக்கை நோக்கி எறிந்தார். அது அவரைப் பார்த்த பார்வையில் எனக்குக் கொக்கின்மேல் மரியாதை வந்தது.

வழிகாட்டியாக வந்தவள் இருபத்தைந்து வயதுப் பெண், பெரிய தொப்பி போட்டிருந்தாள். பேச்சு நிற்கவே இல்லை. "செருப்பைக் கழட்டுங்க குட்டிங்களா! இன்னைக்கு நம்ம கை, கால் எல்லாம் சேறாகப் போகுது!" என்றாள். பதினைந்து பதினாறு குழந்தைகள் ஓடைக்குள் இறங்கின. ஆளுக்கொரு சின்னச் சல்லடை. நண்டுக்குஞ்சு, சங்குப்பூச்சி, இன்னும் என்னென்னவோ பிடித்து வாளியில் போட்டுப் பார்த்துவிட்டுத் திரும்ப விடவேண்டுமாம். வாலு முழங்கால்வரை சேற்றில் இறங்கிவிட்டாள். டிரைவர் பெண் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தது. எஞ்ஜினியர் மகனும் அங்கேதான்.

பெரியவர்கள் நாங்கள் கரையில் வரிசையாக நின்றோம். பதினோரு மணி இருக்கும். அப்போதுதான் எனக்கு மூக்கில் ஏறியது.

அழுகலும் எலுமிச்சையும்.

எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. பக்கத்தில் இவர் புதுச் சட்டையோடு நிற்கிறார். இவ்வளவு குளித்தும் போகவில்லையே, காலரிலா, முடியிலா, எங்கே ஒளிந்துகொண்டிருந்து இப்போது வெயிலில் கிளம்புகிறது என்று நினைத்தேன். டிரைவர் மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்தபோது எனக்கு அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. அவலை நினைத்து உரலை இடித்த கதைதான். கண்ணெதிரே ஓடை, அதில் மிதந்து வரும் நுரை. என் கண்ணுக்கு அது எதுவும் படவில்லை. என் மானம் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

"ஏங்க, இங்க வெயில் அடிக்குது. அந்தக் கோடியில நிழல் இருக்கு, அங்க போய் நில்லுங்களேன்" என்றேன்.

"எனக்கு ஒண்ணும் வெயில் தெரியலையே. வாலு நண்டு பிடிக்கிறா பாரு."

"போங்கன்னா போங்க."

முகம் வாடி, நடைபாதையின் மறுகோடிக்குப் போனார். நூறடி தள்ளி. நான் கைப்பையிலிருந்து சந்தனப் பவுடரை எடுத்து என் முந்தானையில் தட்டிக்கொண்டேன். நாற்றம் குறையவில்லை. இன்னும் கூடியது. ஒருவேளை என் கையிலேயே ஒட்டியிருக்குமோ என்று கையை முகர்ந்தேன். புடவையை முகர்ந்தேன். யாரும் பார்க்கவில்லையே என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டேன். இந்தக் கூத்திலேயே நேரம் போய்விட்டது.

"அம்மா! இங்க பாரு, இதுக்குக் காலே இல்ல!" என்று வாலு எதையோ தூக்கிக் காட்டினாள். காது குடையும் பஞ்சுக் குச்சி. பஞ்சு கருத்திருந்தது. அவள் கால் பக்கத்தில் முடிக்கற்றை ஒன்று சோப்பு நுரையோடு சுற்றிச் சுற்றி வந்தது.

நாற்றம் இவர்மேல் இல்லை, ஓடையில் வருகிறது. நூறடியையும் ஓடினேன். இவர் கையைப் பிடித்துக் காதில் சொன்னேன், "தண்ணியில உங்க ஸ்டேஷன் வாசனை வருது."

அவருக்குப் புரிய ஒரு நொடி ஆனது. ஓடையைப் பார்த்தார். ஓடை வருகிற திசையில் மேடாகத் தெரிந்த பழைய கால்வாய்க் கரையைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

அப்போது அவர் சொன்னதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "சத்தம் போடாத. நம்ம புள்ளைய மட்டும் கூப்பிடு."

நானும் சத்தம் போடவில்லை. "வாலு, மருந்து குடிக்கணும் வாடி" என்று குழைந்தேன். மருந்தும் இல்லை, மாயமும் இல்லை. அவள் வரமாட்டேன் என்றாள். இவர் கரை ஓரமாகப் போய் அவளை அக்குளில் கைகொடுத்துத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். டிரைவர் பெண்ணின் கையிலிருந்து வாலுவின் பாவாடை நழுவியது. அது அங்கேயே நின்று எங்களைப் பார்த்தது. பிறகு குனிந்து சேற்றைத் துழாவியது.

எஞ்ஜினியர் இதைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். மூக்கு அவருக்கு உயிரோடுதான் இருக்கிறது. அவரும் கடிகாரத்தைப் பார்த்தார். "கண்ணா, ஐஸ்கிரீம் வாங்கித் தரேன், மேல வா" என்றார். சுற்றுவட்டாரத்தில் கடை என்று ஒன்று கிடையாது. மகனைத் தூக்கி நிறுத்தி, பாக்கெட்டிலிருந்து சானிடைசரை எடுத்து அவன் கைகால் முழுக்கப் பூசினார். பூசிக்கொண்டே எங்கள் பக்கம் நிமிர்ந்து, இவரைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். பேருந்தில் அசைத்த அதே தலை. நாம் இரண்டு பேரும் விவரமானவர்கள், பிழைத்துக்கொண்டோம் என்று அர்த்தம்.

நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்து, குடிக்க வைத்திருந்த தண்ணீரால் வாலுவின் கால்விரல் இடுக்கெல்லாம் கழுவினோம். "என்னை மட்டும் ஏன் தூக்கினீங்க? அவங்கல்லாம் விளையாடறாங்க" என்று அவள் அழுதாள். நான் அவளுடைய இன்னொரு காலை இழுத்துக் கழுவினேன். உண்மையைச் சொன்னால் இவர் வேலை போகும், வாடகை வீடு, பள்ளிக்கூடம், எல்லாம் மனதில் ஓடியது. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். நான் ஊரார் பிள்ளைகளைச் சாக்கடையில் விட்டுவிட்டு என் பிள்ளையின் விரலைக் கழுவிக்கொண்டிருந்தேன். மாடிப்படியில் துப்புகிறவன் என்னைவிட எவ்வளவோ மேல்.

தொப்பிப் பெண் கரையோரச் செடியிலிருந்து தடித்த இலை ஒன்றைக் கிள்ளினாள். "இந்தச் செடி உப்பைக் குடிச்சு இலையில சேத்து வைக்கும். கடிச்சுப் பாத்தா உப்புக் கரிக்கும். எல்லாரும் ஒண்ணொண்ணு கிள்ளுங்க, தண்ணியில அலசிட்டுக் கடிங்க பாப்போம்!" என்று ஓடைத் தண்ணீரில் அலசித் தன் வாயில் போட்டுக்கொண்டாள். டிரைவர் பெண் ஓர் இலையைத் தண்ணீரில் முக்கி எடுத்து வாயருகே கொண்டுபோனது.

"வாயில வைக்காதே!"

இவர் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. செருப்போடு, இஸ்திரி போட்ட கால்சட்டையோடு ஓடைக்குள் இறங்கிவிட்டார். அந்தக் குழந்தையின் கையைத் தட்டி இலையை விழவைத்துத் தூக்கிக்கொண்டார். "எல்லாரும் புள்ளைங்கள வெளிய எடுங்க! இது சாக்கடைத் தண்ணி. எங்க ஸ்டேஷன் தண்ணி!"

"என்னப்பா உளர்றே? மரியாதையா வந்து உக்காரு" என்றார் எஞ்ஜினியர் கரையிலிருந்து.

"சார், திறக்கச் சொன்னது நீங்க, திறந்தது நான். பதினோரு மாசமா ஞாயித்துக்கிழமை தவறாம திறந்திருக்கேன். உங்க பையன மட்டும் தூக்கினீங்கல்ல சார்? நானும் அதத்தான் செஞ்சேன்."

அப்புறம் ஒரே கூச்சல். ஆளுக்கொரு பக்கம் பாய்ந்து தங்கள் குழந்தைகளை இழுத்தார்கள். தொப்பிப் பெண் வாயிலிருந்ததைத் துப்பினாள். துப்பிவிட்டு, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, "நான் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் ஒரு கூட்டத்தக் கூட்டிட்டு வரேனே. எல்லாக் குழந்தைங்களுக்கும் இந்த இலையக் குடுத்திருக்கேனே" என்றாள். ரொம்ப மெதுவாகத்தான் சொன்னாள். பிறகு பலகை ஓரமாகப் போய்க் குனிந்து வாந்தி எடுத்தாள்.

இவர் டிரைவர் பெண்ணைக் கொண்டுவந்து பெஞ்சில் உட்கார வைத்தார். அதன் குதிகாலில் சிப்பி ஓடு கீறி, ஒரு விரல் நீளத்துக்குப் பிளந்திருந்தது. ரத்தமும் சேறும் ஒன்றாக வழிந்தன. டிரைவர் மனைவி அதைப் பார்த்தாள். பெண் பயத்தில் அழக்கூட இல்லை. "வாலு அக்கா போனதும் குத்துச்சு" என்றது.

டிரைவர் மனைவி எழுந்து நின்றாள். சண்டை போடுகிறவள் இல்லை அவள். என்னை எப்போதும் அக்கா, அக்கா என்று சுற்றி வருகிறவள்.

"அண்ணே, நீங்க உங்க புள்ளையத் தூக்கி எவ்வளவு நேரம் ஆச்சு?"

இவர் ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். இப்போதுதான் என்றிருக்கலாம். கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார், "ஆறு நிமிஷம்."

அவள் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பேருந்தை நோக்கி நடந்தாள்.

அந்தக் கால் வீங்கி, ஒன்பது நாள் காய்ச்சல் அடித்து, ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை கிழித்துச் சீழ் எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டது. இப்போதும் காலைச் சாய்த்துத்தான் நடக்கிறது. காலப்போக்கில் சரியாகும் என்கிறார்கள். எஞ்ஜினியர் கழுவுகிற மீனில் நழுவுகிற மீன், வேறு பிரிவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். பதிவேட்டில் ஒன்றும் இல்லை, வாய்வார்த்தைக்குச் சாட்சி இல்லை. இவரை விசாரணை முடியும்வரை வேலையை விட்டு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதைப் பற்றி இவர் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

சாயங்காலமானால் டிரைவர் வீட்டுக்குப் போகிறார். நானும் கூடப் போகிறேன். டிரைவர் கதவைத் திறந்து நாற்காலி போடுவார். அவர் மனைவி உள்ளேயிருந்து வரமாட்டாள். இவர் குழந்தையின் காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வீட்டுக்குத் திரும்புகிற வழியில் தினமும் இதே பேச்சு: "அந்த ஆறு நிமிஷம். நீ வந்து காதுல சொன்ன உடனே நான் கத்தியிருந்தா அந்தக் கால்ல கீறல் விழுந்திருக்காது. நீ உடனே வந்து சொன்ன. நான்தான் பாவி."

நான் உடனே வந்து சொல்லவில்லை. அந்த நாற்றம் எனக்குத் தெரிந்தது அதற்கும் கால்மணி நேரம் முன்னால். அப்போதே வாயைத் திறந்திருந்தால் அத்தனை குழந்தைகளும் கரையேறியிருப்பார்கள், இவருக்கு ஆறு நிமிடம் என்று ஒன்றே வந்திருக்காது. இதை இவரிடம் சொல்ல வேண்டுமானால், அந்தக் கால்மணி நேரமும் நாற்றம் உங்கள்மேல்தான் வருகிறது என்று நினைத்துத்தான் உங்களைத் தூரத் துரத்தினேன் என்றும் சொல்லவேண்டும். அவர் ஆறு நிமிஷம், ஆறு நிமிஷம் என்று புலம்பிக்கொண்டே வருகிறார். நான் பக்கத்தில் நடக்கிறேன்.